மூடுபனிக்கு மேலே ஒரு குடும்பத்தின் திராட்சை முகடு

கலிபோர்னியா என்றதும் வெயிலை நினைப்பவர்கள் அதன் வடகரையைப் பார்த்திராதவர்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சொனோமா மாவட்டத்தின் கடலோரத்தில், ஜூலை மாதத்துப் பகல் வெப்பம்கூட 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றுவிடும். இங்கே வசிக்கும் நம்மவர்கள், கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கடல் பார்க்க அழைத்துச் செல்லும்போது, ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்று, பூமியின் சுழற்சியும் துணைசேர, கடலின் மேற்பரப்பு நீரைக் கரையைவிட்டு விலக்கித் தள்ளுகிறது. விலகிய நீரின் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. பசிபிக்கின் ஈரக்காற்று அந்தக் குளிர்நீரின்மேல் படர்ந்து மூடுபனியாகத் திரள்கிறது. உள்நாட்டுச் சமவெளி வெயிலில் காய்ந்து, அங்கே சூடான காற்று மேலேற மேலேற, கடற்காற்றும் அதனுடன் பனியும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே உள்ளே இழுக்கப்படுகின்றன.

இந்தக் குளிரில் திராட்சை வளர்த்து, அதை ஒயினாக்கி, அந்த வேலையை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியிருக்கும் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக எண்ணியிருந்தேன். டேவிட் ஹிர்ஷ் தொடங்கி, இன்று அவர் மகள் ஜாஸ்மின் ஹிர்ஷ் ஒயின் செய்யும் 'ஹிர்ஷ் வைன்யார்ட்ஸ்' அது. ஒயின் உலகில் குடும்பப் பெருமை பேசுவது வழக்கமான விளம்பர உத்தி என்பதால், முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: குளிர்ந்த கடலோரத்தில், ஒரு நிலத்தில் தொடர்ந்து இருப்பவர்கள் இல்லாமல் நல்ல திராட்சை விளைவதில்லை. தண்ணீரும் மண்ணும் போல அந்தத் தொடர்ச்சியும் அங்கே ஓர் இடுபொருள். ஏன் அப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஜென்னர் என்னும் சிற்றூரில் ரஷ்யன் ஆறு கடலில் கலக்கிறது. அங்கிருந்து வடக்கே கடலோர நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் மேயர்ஸ் கிரேடு சாலை, மலையின்மேல் செங்குத்தாக ஏறுகிறது. கோடைக் காலையில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு முதலில் எதிரே எதுவும் தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்லப் போக வேண்டும். ஏறத்தாழ 1,000 அடி உயரத்தைக் கடந்ததும் பனி சட்டென்று முடிந்து, நீலவானமும் வெயிலும் வந்துவிடுகின்றன; கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெண்பனியின் மேற்பரப்பு மட்டும் பரந்து கிடக்கிறது. நான் இந்தப் பகுதியை நேசிக்கத் தொடங்கியது இந்த ஏற்றத்தில்தான். இந்த எல்லைக்கோடு வெறும் காட்சி சார்ந்ததும் அன்று. 2012-இல் 'ஃபோர்ட் ராஸ் சீவியூ' என்ற பெயரில் இப்பகுதிக்குத் தனி ஒயின் வட்டாரமாக அரசு ஏற்பு கிடைத்தபோது, ஏறத்தாழ 920 அடிக்கு மேற்பட்ட முகடுகளே பெரும்பாலும் அதற்குள் அடங்கின. பனிக்கு அடியில் திராட்சை பழுக்கப் போராடும். பனிக்கு மேலே வெயில் கிடைக்கும், ஆனால் சில கிலோமீட்டர் தொலைவில் குளிர்ந்த கடல் இருப்பதால் அந்த வெயில் ஒருபோதும் கடுமையாகாது. இரவிலும், பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று தேங்கும்போது முகடுகள் ஓரளவு இதமாகவே இருக்கின்றன. பகலுக்கும் இரவுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாத, நீண்ட, மெதுவான பருவம் அது.

அந்த மெதுவான பருவம் பினோ நுவார் என்னும் மெல்லிய தோல்கொண்ட கருந்திராட்சைக்கு உயிர்நாடி. எந்தத் திராட்சையிலும் பழுத்தல் என்பது ஒரே நேரத்தில் நடக்கும் பல மாற்றங்களின் கூட்டு: சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், தோலின் துவர்ப்பு முதிரும், மணப்பொருள்கள் உருவாகும். வெப்பமான இடத்தில் சர்க்கரை மற்றவற்றை முந்திக்கொண்டு ஓடிவிடும். மணமும் துவர்ப்பும் முதிர்வதற்குக் காத்திருந்தால் புளிப்பு கரைந்துபோய், சர்க்கரை மிகுந்து, ஒயினில் ஆல்கஹால் 15 விழுக்காட்டை நெருங்கிவிடும். குளிர்ந்த இடத்தில் இவை ஏறத்தாழ ஒன்றாக நடந்து வந்து சேர்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிதானம் வியப்பாக இருக்கும். அங்கே கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்தால் மீண்டும் துளிர்த்து ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் காய்க்கிறது. சொனோமாவில் கொடி குளிர்காலம் முழுதும் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை காய்க்கிறது. அந்த ஒரு வாய்ப்பு தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் கரையில் முதலில் திராட்சை நட்டவர்கள் ரஷ்யர்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. கஷாயா போமோ பழங்குடியினரின் நிலத்தில், ரஷ்ய அமெரிக்கக் கம்பெனி 1812-இல் ஃபோர்ட் ராஸ் கோட்டையைக் கட்டியது. கடல்நீர்நாய்களின் தோலும், அலாஸ்காவில் இருந்த தங்கள் குடியேற்றங்களுக்கு வேண்டிய தானியமும் அவர்களுடைய நோக்கம். 1817-இல் பெருவிலிருந்து கொண்டுவந்த திராட்சைக் குச்சிகளையும் அங்கே நட்டார்கள். ஆனால் கடலோரப் பனியில் கோதுமை சரியாக விளையவில்லை. உள்நாட்டை நோக்கிப் பண்ணைகளை நகர்த்திப் பார்த்தும் கணக்குச் சரிவராமல், 1841-இல் எல்லாவற்றையும் ஜான் சட்டர் என்பவரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த முகடுகள் மரம் வெட்டுவதற்கும் ஆடு மேய்ப்பதற்குமான நிலமாகவே இருந்தன. 1970-களில்தான் உள்ளூர்க் கால்நடைப் பண்ணைக் குடும்பமான போஹன் குடும்பத்தினர் மீண்டும் இங்கே திராட்சை வைத்தார்கள்.

டேவிட் ஹிர்ஷ் 1978-இல் வாங்கியது ஏறத்தாழ 1,100 ஏக்கர் கொண்ட ஒரு பழைய ஆட்டுப் பண்ணை. அது கடலிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. ரெட்வுட் மரங்களை வெட்டியெடுத்ததாலும் அளவுக்கு மீறி மேய்த்ததாலும் மேல்மண் அரித்துப்போன நிலம். அதை மெல்ல மீட்டெடுத்து, அமைதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஒயின் அவர் திட்டத்தில் இல்லை. சாந்தா குரூஸ் மலைப்பகுதியில் திராட்சை வளர்த்த நண்பர் ஜிம் பூரிகார்டு அங்கே வந்து பார்த்துவிட்டு, இந்த முகட்டில் பினோ நுவார் வைத்தால் உலகம் முழுதும் பெயர் பெறும் என்று சொன்னதாகக் குடும்பத்தினர் சொல்கிறார்கள். 1980-இல் சில ஏக்கரில் முதல் கொடிகள் நடப்பட்டன. அந்தக் காலத்தில் இது துணிச்சலான காரியம். கடலுக்கு இவ்வளவு அருகில் திராட்சை பழுக்காது என்பதுதான் பொதுக்கருத்து. அருகில் ஒயினரி இல்லை, பயிரைப் பற்றிக் கேட்டறிய அனுபவசாலிகள் இல்லை, விளைந்ததை வாங்க ஆளும் இல்லை.

நிலமும் எளிதில் பிடிகொடுக்கவில்லை. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு இந்தப் பண்ணைக்கு அருகிலேயே ஓடுகிறது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கத்தில் ஃபோர்ட் ராஸின் பழைய தேவாலயத்தின் சுவர்கள் சரிந்தன. அப்பகுதி வேலிகள் சில மீட்டர் இடம்பெயர்ந்து முறிந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புவித்தட்டுகள் ஒன்றையொன்று உரசியதில் கடலடி மணற்கல், களிப்பாறை, வேறு பல பாறைகள் எல்லாம் நொறுங்கிக் கலந்து மேலே தள்ளப்பட்டிருக்கின்றன. விளைவாக, முப்பது அடி நடப்பதற்குள் மண்ணின் நிறமும் தன்மையும் மாறிவிடும். ஓரிடத்தில் நீர் வடிந்தோடும் மணற்பாங்கு, பக்கத்திலேயே நீரைப் பிடித்துவைக்கும் களிமண், அதற்கடுத்து வேர் இறங்க மறுக்கும் பாறை. இப்படிப்பட்ட இடத்தில் சமவெளியில் செய்வதைப்போல ஒரே நேர்க்கோட்டில் வரிசை பிடித்து நட்டால், ஒரே வரிசையில் ஒரு கொடி தழைக்கும், அடுத்தது வாடும், மூன்றாவது இரண்டு வாரம் முந்திப் பழுக்கும்.

எந்த மண்ணில் எந்தக் கொடி, எந்தத் திசை நோக்கிய வரிசை, எந்த வேர்ச்செடியின்மேல் எந்த ஒட்டு என்பதை ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் தனித்தனியாகக் கண்டறிய வேண்டியிருந்தது. இன்று அந்தப் பண்ணையில் கொடி இருப்பது சுமார் 72 ஏக்கரில் மட்டுமே. அந்த 72 ஏக்கர் அறுபதுக்கும் மேற்பட்ட பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகக் கவாத்து செய்யப்பட்டு, தனியாக அறுக்கப்பட்டு, தனியாக நொதிக்க வைக்கப்படுகிறது. மீதி நிலம் காடும் புல்வெளியுமாக இருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்த செய்தி இந்த அறுபதுதான். ஒரு கொடி நட்டு மூன்று ஆண்டுகள் கழித்தே முதல் காய்ப்பு. அதன் குணம் நிலைபெற இன்னும் சில ஆண்டுகள். நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள மேலும் ஒரு பத்தாண்டு. அறுபது துண்டு நிலங்களைப் பற்றி இப்படி அறிந்துவைத்திருப்பது சம்பளத்துக்கு வந்துபோகும் மேலாளர் ஒருவரால் இயலாது. அந்த அறிவு ஏட்டில் முழுமையாக எழுதிவைக்கக்கூடியதும் இல்லை. அங்கேயே வாழும் குடும்பமும், அவர்களோடு பல ஆண்டுகளாக அதே பாத்திகளில் உழைக்கும் தொழிலாளர்களும் சேர்ந்து சுமக்கும் அறிவு அது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் என்பதையும் கலிபோர்னியா ஒயினைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாது. அறுவடைக் காலத்தில் பழம் சூடேறிவிடக் கூடாது என்பதற்காக, நள்ளிரவுக்குப் பின் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவுகளில் குலைகளை அறுப்பவர்கள் அவர்களே.

முதல் இருபது ஆண்டுகளுக்கு ஹிர்ஷ் தன் பெயரில் ஒரு புட்டிகூட விற்கவில்லை. திராட்சையை மட்டும் விற்றார். 1994-ஐ ஒட்டி வில்லியம்ஸ் செலியெம், கிஸ்லர், லிட்டோராய் ஆகிய மூன்று ஒயினரிகளும் அவருடைய பழத்தை வாங்கத் தொடங்கியதுதான் திருப்புமுனை. அந்த ஒயின்களின் புட்டிகளில் விளைந்த தோட்டத்தின் பெயராக 'ஹிர்ஷ்' அச்சிடப்பட்டது. குடித்தவர்கள் தோட்டத்தைத் தேடி வந்தார்கள். மற்றவர்கள் ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்த வெவ்வேறு ஒயின்களைச் சுவைத்துப் பார்த்ததன் வழியாகத் தன் நிலத்தின் இயல்பையே அவர் கற்றுக்கொண்டார் என்று கருதுகிறேன். 2002-இல்தான் பண்ணையிலேயே சிறிய ஒயினரி ஒன்றை அமைத்து, குடும்பத்தின் பெயரில் முதல் ஒயினைச் செய்தார்கள். இன்று அவர்களின் முதன்மை ஒயின், பல பாத்திகளின் பழத்தைச் சேர்த்துச் செய்யப்படும் பினோ நுவார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்'. தங்களை அவ்வளவு பாடுபடுத்திய நிலப்பிளவின் பெயரையே ஒயினுக்குச் சூட்டிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

விளைச்சலைப் பற்றிச் சொன்னால்தான் இந்த வாழ்க்கையின் கடினம் புரியும். கலிபோர்னியாவின் வெப்பமான நடுச் சமவெளியில் ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேல் திராட்சை எடுப்பது சாதாரணம். கடலோர முகடுகளில் ஏக்கருக்கு இரண்டு டன் கிடைத்தாலே மகிழ்ச்சி. பல ஆண்டுகளில் அதுவும் கிடைக்காது. மே மாத இறுதியிலும் ஜூனிலும் கொடி பூக்கும்போது குளிர்காற்றும் மழையும் வந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டு, பூக்கள் காயாகாமலே உதிரும். 2015-இல் அப்படித்தான் நடந்தது: வசந்தத்தின் குளிரில் காய்ப்பிடிப்பு சிதைந்து, சொனோமா கடலோரமெங்கும் விளைச்சல் மிகவும் சுருங்கியது. 2011-இல் கோடை முழுதும் குளிர்ந்து, பழம் பழுக்கத் தாமதமாகி, அறுவடை முடியுமுன்னே அக்டோபர் மழை வந்துவிட்டது. ஈரமான காற்று ஓய்ந்து நிற்கும் நாட்களில் சாம்பல் நோய் பரவும். குளிர்காலத்திலோ, அண்டையிலுள்ள கசடேரோ வட்டாரம் கலிபோர்னியாவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. மண் அரிப்பையும் சாலைச் சரிவையும் எதிர்கொள்வதே அந்த மாதங்களின் வேலையாகிவிடுகிறது.

குளிர்ந்த ஆண்டின் ஒயின் சில வேளைகளில் மிக அழகாக அமையும் என்பதுதான் இதில் உள்ள ஆறுதல். ஆனால் அழகான ஒயின் குறைவாக இருந்தால் கடன் தவணை குறையப்போவதில்லை. கொடி காய்க்க மூன்று ஆண்டுகள், பீப்பாயில் ஓராண்டுக்கு மேல், புட்டியில் சில மாதங்கள் என்று சேர்த்தால், நட்ட நாளிலிருந்து முதல் வருமானம் வரை ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. காலாண்டுதோறும் லாபம் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. குடும்பங்களுக்கும் எல்லா நேரமும் ஒத்துவருவதில்லை. பென்சில்வேனியாவிலிருந்து வந்து, 1990-களின் தொடக்கத்தில் இதே முகட்டு வரிசையில் தோட்டம் அமைத்த வால்ட், ஜோன் ஃபிளவர்ஸ் தம்பதியர் பிற்பாடு அதை வேறொரு ஒயின் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஷ்வார்ட்ஸ் தம்பதியர், 1988-இல் வாங்கிய நிலத்தில் தோட்டம் வைத்து, 'ஃபோர்ட் ராஸ் வைன்யார்ட்' என்ற பெயரில் நிலைத்து நின்றார்கள்; தங்கள் நாட்டுக்கே உரிய பினோடாஜ் திராட்சையையும் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். அவர்களுக்கு வடக்கே அனாபோலிஸில், நிக், ஆண்டி பே சகோதரர்களும் நிக்கின் மனைவியும் ஒயின் செய்பவருமான வனெஸா வோங்கும் சேர்ந்து நடத்தும் 'பே வைன்யார்ட்ஸ்' பனியின் எல்லைக்கு உள்ளேயே இருக்கும் இன்னும் குளிர்ந்த இடம். சிரா என்னும் கருந்திராட்சையில் அவர்கள் செய்யும் ஒயினைச் சுவைத்த பிறகு, குளிர்நிலத்துச் சிராவைப் பற்றி நான் கொண்டிருந்த ஐயங்கள் எல்லாம் நீங்கின. மிளகின் மணம் அதில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ஜாஸ்மின் ஹிர்ஷ் 2008-இல் குடும்பப் பண்ணைக்குத் திரும்பினார். அந்தக் காலத்தில் கலிபோர்னியா ஒயினின் பொது ரசனை, மிகவும் பழுத்த, கனத்த, ஆல்கஹால் மிகுந்த பாணியின் பக்கமே சாய்ந்திருந்தது. மதிப்பெண் இடும் விமர்சகர்களும் அதையே பாராட்டினார்கள். அதற்கு மாற்றாக, புளிப்பும் நுண்மையும் கொண்ட பினோ நுவாரையும், ஷார்டனே என்னும் வெள்ளை ஒயினையும் முன்னிறுத்த, கொல்கத்தாவில் பிறந்த ஒயின் வல்லுநர் ராஜத் பாருடன் சேர்ந்து 2011-இல் 'இன் பர்சூட் ஆஃப் பேலன்ஸ்' என்ற அமைப்பை அவர் தொடங்கினார். கடும் விவாதங்களைக் கிளப்பிய அந்த அமைப்பு, தன் வேலை முடிந்தது என்று கருதி 2016-இல் கலைந்தது. அந்த விவாதத்தில் என் மனம் முழுக்க அவர்கள் பக்கமே இருந்தது. குளிர்ந்த நிலத்தில் விளைந்த பழத்தை வெப்பநிலத்துப் பழம்போல முதிரவிட்டுச் செய்தால், அந்த நிலத்தில் பயிரிட்டதற்கே பொருள் இல்லை. 2019-இல் ஒயின் செய்யும் பொறுப்பையும் ஜாஸ்மினே ஏற்றார். தந்தை நட்ட பாத்திகளின் பழத்தை மகள் நொதிக்க வைக்கிறார் என்னும்போது, பிறர் பண்ணையை விலைக்கு வாங்கிக்கொண்டு வருபவருக்குக் கிடைக்காத ஒரு முன்னறிவு அவருக்கு இருக்கிறது: எந்தப் பாத்தி எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதை அவர் வீட்டிலேயே கேட்டறியலாம்.

இந்த நூற்றாண்டின் புதிய அச்சம் தீ. 2020 ஆகஸ்டில் மழையில்லா மின்னல்கள் வட கலிபோர்னியா முழுதும் காடுகளைப் பற்றவைத்தன. மேற்குச் சொனோமாவில் வால்பிரிட்ஜ் தீ பரவியது. ஜென்னருக்கு வடக்கே கடலோரத்திலேயே மேயர்ஸ் தீ 2,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. தீ தொடாத தோட்டங்களையும் புகை தொட்டது. புகையின் சேர்மங்கள் திராட்சையின் தோலுக்குள் இறங்கிச் சர்க்கரையோடு பிணைந்து மறைந்துகொள்கின்றன. பழத்தைத் தின்று பார்த்தால் தெரியாது. நொதிக்கும்போதும் பீப்பாயில் இருக்கும்போதும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, அணைந்த அடுப்பின் சாம்பல் வாடை ஒயினில் எழுகிறது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்த்தே நொதிக்க வைக்கப்படுவதால் பினோ நுவார் இதில் எளிதாகப் பலியாகிறது. அந்த ஆண்டு வட்டாரத்தில் பலர் சிவப்பு ஒயினே செய்யவில்லை. ஓர் ஆண்டு உழைப்பை அப்படியே கைவிட முடிவெடுப்பவர்களின் நிலையை நினைத்து அந்த இலையுதிர்காலம் முழுதும் எனக்கு வருத்தமாக இருந்தது.

உள்நாடு வெப்பமேற வெப்பமேற, குளிர்ந்த கடலோரத்தைத் தேடிப் பெருமுதல் வருவது இயல்பு. அனாபோலிஸ் அருகே ஏறத்தாழ 20,000 ஏக்கர் காட்டில், முகடுகளை மழித்துச் சுமார் 1,800 ஏக்கரில் திராட்சை வைக்க முதலீட்டாளர்கள் திட்டமிட்டிருந்தார்கள். நெடிய எதிர்ப்புக்குப் பின் 2013-இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அந்தக் காட்டை வாங்கிக் காப்பாற்றியது. இதில் எனக்கு இரு மனம் இல்லை. 1,100 ஏக்கரில் 72 ஏக்கரை மட்டும் கொடிக்குக் கொடுத்து, ஓடைகளையும் புல்வெளிகளையும் மீட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தையும், ரெட்வுட் காட்டை வெட்டிவிட்டுக் கொடி நடும் திட்டத்தையும் ஒரே தொழில் என்று நான் எண்ணுவதில்லை.

போக விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். இத்தகைய ஒயினரிகளுக்கு முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். ஜென்னருக்கு முன்பே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள்; முகட்டுச் சாலைகளில் பெட்ரோல் நிலையமும் இல்லை, பல இடங்களில் கைபேசி அலையும் எட்டாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்வது நல்லது. வளைவுகள் மிகுந்த சாலை என்பதால் ஓட்டுபவர் சுவைத்துத் துப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒயினரிகளில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில் திறப்பதானால் பினோ நுவாரை அறை வெப்பத்தில் வைக்காமல், குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்துப் பருகுங்கள். முதல் நாள் பாதியை மட்டும் குடித்து, மீதியை மூடிவைத்து மறுநாள் சுவைத்தால், கடலோரப் பழத்தின் புளிப்பும் மணமும் இன்னும் தெளிவாகத் தெரியும். கூடவே வாங்க முடிந்தால், அதே ஆண்டில் உள்நாட்டு வெப்பப் பகுதியில் விளைந்த பினோ நுவார் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள்.